தலைவருக்காக எடுத்த மீசை

போன வாரம் பந்தல்குடி ரோட்டுக் கடையில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தேன். டாக்டர் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார், அதை விடுங்கள். கல்லுக்கு முன்னால் நின்று மாவு வீசிக்கொண்டிருந்த மாஸ்டரின் பனியனில் ஒரு முகம். ஒட்டிய கன்னம், ஏறிய நெற்றி, சுத்தமாக மழித்த மேலுதடு. எனக்குப் பசி மறந்துபோனது. யாருப்பா அது என்று கேட்டேன். மாஸ்டர் குனிந்து தன் நெஞ்சைத் தானே பார்த்துக்கொண்டார். தெரியாது, மச்சான் திருப்பூரிலிருந்து எடுத்துவந்தது, ஏதோ வெளிநாட்டு நடிகராக இருக்கும் என்றார். பிறகு மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார், உங்களுக்குத் தெரியுமா சார் என்று.

தெரியுமாவா! ஒரு சாயங்காலம் முழுக்க நான்தானய்யா அவராக இருந்தேன்.

பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், அவரைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். நான் சொல்லப்போவதில் புத்தகத்தில் இருப்பது கொஞ்சம், எங்கள் அழகர்சாமி சேர்த்தது மிச்சம். கடல் தாண்டி ஒரு சின்ன நாடு. அங்கே ஒரு வாத்தியார் மகன் படிப்பை விட்டு, வீட்டை விட்டு, கம்யூனிஸ்ட் ஆகி, பாதி வயசைக் காட்டிலும் ஜெயிலிலும் தொலைத்து, கடைசியில் அந்த நாட்டுக்கே தலைவரானார். தலைவரான பிறகும் தன் சட்டையைத் தானே துவைத்துக் கொடியில் போட்டாராம். உங்களுக்கு இது போதும்.

அழகர்சாமி மில்லில் ஃபிட்டர். நான் ஸ்பின்னிங்கில். இரண்டு பேரும் ஒரே செட்டு. சங்கக் கூட்டத்தில் 'தோழர்', வெளியே வந்தால் 'ஏலே'. டீ குடிக்க விடுகிற நேரத்தில் மில்லுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் அந்தத் தலைவர் கதையைத் தவணை முறையில் சொல்லுவான். மெஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் கலந்த ஒரு வாசனை அவன் சட்டையிலிருந்து வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை அடித்தால் எனக்குப் புரட்சி ஞாபகம்தான் வருகிறது, என்ன செய்வது. அவன் சொல்லுகிற விதத்தில் அந்தத் தலைவர் நம்ம திருச்சுழிக்காரர் என்றே தோன்றும். புத்தகத்தில் அந்த நாட்டுச் சம்சாரிகள் நெல் போடுவார்கள். இவன் அதை மிளகாயும் பருத்தியும் ஆக்கிவிட்டான். நம்ம கரிசக்காட்டில் வைத்து நெல்லு என்றால் சனம் நம்பாது என்பான். தலைவர் மறைந்திருந்த அடர்ந்த காடும் எங்களுக்குச் சீமைக்கருவேலங்காடுதான். முள் குத்தாமல் அவர் எப்படித்தான் தூங்கினாரோ என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டிருக்கிறேன்.

இந்தக் கதையை மே தினத்துக்கு நாடகமாகப் போடவேண்டும் என்பது அவன் ஆசை. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, வருஷக்கணக்காக மனுஷன் வேறு எதையும் பேசவில்லை. ஒருவழியாகச் சங்கம் சம்மதித்தது. பாளையம்பட்டி பொட்டலில் மேடை. மதுரையிலிருந்து மாவட்டத் தோழர் ஒருவர் தலைமை தாங்க வருவதாக ஏற்பாடு. அந்தக் காலத்துக் கரண்ட்டை நம்ப முடியாது என்பதால், வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரத்தில் முடித்துவிடுவது என்று திட்டம்.

தலைவர் வேஷம் எனக்கு. நடிப்புத் திறமைக்காக என்று நினைத்து நான் கொஞ்ச நாள் தலைகால் தெரியாமல் திரிந்தேன். என் கன்னம் ஒட்டிக் கிடந்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. இப்போது என்னைப் பார்ப்பவர்கள் இதை நம்பவேண்டிய கட்டாயமில்லை.

சங்க ஆபீசில் தலைவரின் படம் இரண்டு தொங்கியது. ஒன்று வாலிப வயசில் எடுத்தது, அதில் நல்ல மீசை. இன்னொன்று நாட்டுக்குத் தலைவரான பிறகு எடுத்தது, அதில் மீசை கிடையாது. மாசாமாசம் அந்த இரண்டு படத்துக்கும் கீழே உட்கார்ந்து சந்தா கட்டுகிற சனம், நாடகத்தில் மீசை எங்கே போனது என்று கேட்காமலா இருக்கும்? அழகர்சாமிக்கு இதே யோசனை. புத்தகத்தைப் புரட்டினான். மீசையைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால், தலைவர் காட்டில் மறைந்திருந்தபோது அவருடைய அப்பா இறந்துபோனார், போலீஸ் காவலால் காரியத்துக்குப் போக முடியவில்லை என்று ஓர் இடத்தில் இருந்தது. படித்ததும் அழகர்சாமி புத்தகத்தை மூடிவிட்டான்.

"அப்பன் செத்துருக்காரு. மீசையை எடுத்துருக்காரு. இதுல என்னலே சந்தேகம்?" என்றான்.

எங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் பக்கம் அப்பன் ஆத்தா தவறினால் மகன் மீசையை எடுத்துவிட வேண்டும். மறுபடி முளைக்கிறவரை அவன் வாயைத் திறந்து எதையும் சொல்லவேண்டியதில்லை. மேலுதட்டைப் பார்த்து ஊரே துக்கம் விசாரிக்கும். உலகம் பூராவும் இப்படித்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்பன் உயிரோடு இருக்கையில் ஒருவன் மீசையை எடுத்தால், சொல்லவே நாக்குக் கூசுகிறது, அவன் அப்பன் சாவை எதிர்பார்க்கிறான் என்று அர்த்தம்.

நாடகத்தின் பாதியில் தலைவருக்கு அப்பா இறந்த சேதி வரும். திரை விழும். சலூன்காரர் முனியாண்டி திரைக்குப் பின்னால் தயாராக நின்று என் மீசையை வழித்துவிடுவார். திரை தூக்கினால் வெறும் உதட்டோடு தலைவர். அழகர்சாமி சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் நாற்காலி போட்டு என் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா லாரி டிரைவர். தூத்துக்குடிக்குப் பஞ்சு லோடு அடித்தவர். அந்தத் தை மாசம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வந்தார். இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து வாசல் நாற்காலிதான் அவருக்கு டிரைவர் சீட்டு. ரோட்டில் போகிற லாரியின் சத்தத்தை வைத்து, கியரைத் தப்பாகப் போடுகிறான் பார் என்று முகம் தெரியாத டிரைவர்களை எல்லாம் வைதுகொண்டிருப்பார்.

அம்மாவோ அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரும் தும்மக்கூடாது. எங்கே போறே என்று கேட்கக்கூடாது. மீசைச் செய்தி எப்படித்தான் அவள் காதுக்குப் போனதோ, அன்றைக்குச் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"அவரு இப்பத்தான் எமன் வீட்டு வாசலுக்குப் போயித் திரும்பி வந்து உக்காந்திருக்காரு. நீ மீசையை எடுத்து அவனுக்கு ஞாபகப்படுத்தாதய்யா."

மில் கேட்டில் நின்று மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று தொண்டை கிழியக் கத்துகிற ஆள் நான். அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். ஆனால், உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், மீசையால்தான் என்று ஊர் சொல்லும் முன்னால் என் மனசே சொல்லிவிடும். அதற்குப் பிறகு எந்தத் தத்துவம் வந்து என்னைத் தேற்றும்?

மீசையை எடுக்காமலே மறைக்க என்னென்ன செய்து பார்த்தோம்! சோப்பைக் குழைத்துத் தடவி மேலே ரோஸ் பவுடர் அப்பினோம். சித்திரை வெயிலில் வேர்த்து வழிந்து, வசனம் பேசும்போது வாயில் நுரை தள்ளியது. துண்டால் முகத்தைச் சுற்றிக் கட்டிப் பார்த்தோம். தலைவர் பல்வலியோடவேதான் நாட்டை ஆண்டாரா என்று ஒரு தோழர் கேட்டுவிட்டார். கடைசியில் அழகர்சாமியே என் தோளில் கை போட்டான். "ஒங்க அப்பாவுக்கு ஒண்ணுன்னா எனக்கு மட்டும் நல்லாருக்குமாலே? மீசையோடவே நில்லு. சனம் கேட்டா நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன்" என்றான். சொல்லிவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனான். இத்தனை வருஷமாகக் கட்டிய நாடகம் அந்த இடத்தில் படுத்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

மே தினச் சாயங்காலம் பொட்டல் நிறைந்துவிட்டது. அப்பா சும்மா இருக்கமாட்டாமல் தன் நாற்காலியை ஆள் வைத்துத் தூக்கிவரச் சொல்லி, முன்வரிசையில் போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் தரையில் அம்மா. நாடகம் ஆரம்பமே களை கட்டியது. காரணம் நான் இல்லை. அந்த நாட்டை அடிமைப்படுத்திய வெள்ளைக்காரத் துரை வேஷம் நெசவாளர் தெருப் பையன் ஒருவனுக்கு. துரை அந்நிய மொழி பேசவேண்டுமே, நமக்கு யாருக்குத் தெரியும்? வீட்டில் பேசுகிற கன்னடத்தையே வேகமாகப் பேசிவிடு என்று அழகர்சாமி சொல்லியிருந்தான். துரை கர்ஜிக்கக் கர்ஜிக்க நாங்கள் எல்லோரும் நடுங்கினோம். அவன் தெருப் பெண்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாட்டுக்குத் தண்ணி காட்டினியா, சீப்பை எங்கே வச்சே என்றெல்லாம் அவன் என்னை மிரட்டினானாம்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. கருவேலங்கிளைகளை நட்டுக் காடு செய்திருந்தோம். தூது வந்த தோழர் என் முன்னால் மண்டியிட்டு, "அப்பா தவறிட்டாக தோழர். வீட்டைச் சுத்திப் போலீஸ் நிக்கிது. வரவேண்டாம்னு அம்மா சொல்லிவிட்டாக" என்றார். ஊர்ப்பக்கம் திரும்பி நின்று நான் கும்பிட வேண்டும். கும்பிட்டுக்கொண்டே முன்வரிசையைப் பார்த்தேன். அம்மா மட்டும் இருந்தாள். அப்பாவின் நாற்காலி காலியாகக் கிடந்தது.

எனக்கு உயிரே இல்லை. திரை விழுந்ததோ இல்லையோ பின்னால் ஓடினேன். அங்கே முனியாண்டிக்குப் பக்கத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா நின்றார். மூச்சு வாங்கியது, ஆனால் நன்றாகத்தான் இருந்தார்.

"உக்காரு. எடுத்துருவோம்" என்றார்.

நான் மாட்டேன் என்றேன். அம்மா சொன்னதைச் சொன்னேன். எல்லாம் எனக்குத் தெரியும், ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாமல் ஊரில் ஒன்று நடக்குமா என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி சொன்னார்: "எங்கயோ ஒரு நாட்டுல ஒரு மனுசன் செத்துக் கெடக்கான். பெத்த மகன் கிட்டத்துல இல்ல. அவுக மீசைய எடுத்தாகளோ இல்லையோ, நமக்கென்ன தெரியும். நீ அவருக்காக எடு. எனக்கு எடுக்கல, நான்தான் இங்கன நிக்கிறேன்ல."

முனியாண்டி என் முகவாயைப் பிடித்துக்கொண்டார். கத்தி இறங்கும்போது அப்பா என் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். படிகாரக்கல்லைத் தேய்த்ததும் சுரீர் என்றது. அதனால்தான் கண்ணில் தண்ணீர் வந்தது என்று அழகர்சாமியிடம் பிற்பாடு சொல்லிவைத்தேன்.

அதோடு விட்டாரா? என் மகனைச் சனம் தப்பாகப் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி மேடையின் ஓரத்திலேயே போட்டுக்கொண்டார். திரையைத் தூக்கினார்கள். வெறும் உதட்டோடு நான் நின்றதும் கூட்டத்தில் 'ஐயோ' என்று ஒரு முனகல். அடுத்த நிமிஷம் அத்தனை தலையும் ஓரத்து நாற்காலிப் பக்கம் திரும்பியது. அப்பா கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுத் தன் மீசையைத் தடவிக்கொண்டார். கிளம்பியது பாருங்கள் ஒரு கைதட்டல், புரட்சி வென்ற காட்சிக்குக்கூட அது கிடைக்கவில்லை. அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்தியபடி இருந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாதி நாடகத்தில் இறந்துபோன அப்பா மீதி நாடகம் முழுக்க மேடையில் உட்கார்ந்திருந்தார். காடு நாடாகியது, வாத்தியார் மகன் தலைவரானார், மாளிகை வேண்டாம் என்று சொல்லி ஓட்டுவீட்டுக்குக் குடிபோனார். எல்லாவற்றுக்கும் அவர் நாற்காலியிலிருந்தே தலையசைத்துக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் நான் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டே, எங்க அப்பா இதப் பாக்கக் குடுத்து வைக்கலையே என்று சொல்லவேண்டும். ஓரக்கண்ணில் பார்த்தால் அப்பா துண்டால் கண்ணைத் துடைக்கிறார். எனக்கு வசனம் மறந்துபோனது. கொடியில் போட்ட சட்டையையே மறுபடி எடுத்துப் பிழிந்துகொண்டு நின்றேன். நல்ல வேளையாக அழகர்சாமி திரையை விட்டுவிட்டான்.

தலைமை தாங்க வந்த மாவட்டத் தோழர் நன்றாகப் படித்தவர். அந்த நாட்டில் மீசை எடுக்கிற வழக்கமே கிடையாது, இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அழகர்சாமியைத் தனியாகக் கேட்டிருக்கிறார். மீசை போனது நிஜம்தானே தோழர், ரெண்டு படமும் ஆபீசுல தொங்குதே என்று இவன் பதில் சொன்னானாம். சரி, மேடையில் உட்கார்ந்திருந்தாரே அந்தப் பெரியவர் யார் என்று கேட்டதற்கு, தலைவரோட அப்பா என்றிருக்கிறான்.

நாடகம் பார்த்த பாளையம்பட்டிக்கு விஷயம் தெரியும். மற்ற ஊருக்கு? அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என் உதட்டைப் பார்த்த யாரோ பந்தல்குடியில் இருந்த அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். அத்தை அப்பாவுக்கு அக்கா. தெரு முனையிலேயே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்தபடி, தம்பி லாரி ஓட்டிய அழகை எல்லாம் வரிசையாகப் பாடிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அப்பா உள்ளே கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். சொம்பும் கையுமாக எழுந்து வாசலுக்கு வந்து, கதவில் சாய்ந்து நின்று, பாட்டு முடிகிறவரை பொறுமையாகக் கேட்டார்.

"பரவாயில்லக்கா, நல்லாத்தான் பாடுற. இனிமே எனக்குக் கவலையில்ல" என்றார்.

அத்தை அவர் முதுகில் வைத்த அடி தெருவுக்கே கேட்டது. நெஞ்சுவலிக்காரர் என்று கத்திக்கொண்டு அம்மா குறுக்கே விழுந்தாள். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து அழுதார்கள், சிரித்தார்கள், அத்தைக்கும் ஒரு சொம்பு கூழ் போனது.

அதோடு அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் அவரும் ஏறினார். எனக்கு ஜன்னலோரத்தைக் கொடுத்துவிட்டுத் தான் வழியோரம் உட்கார்ந்துகொள்வார். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் என் உதட்டைப் பார்ப்பார்கள். முகம் வாடும். யாருப்பா, அப்பாவா என்று மெல்லக் கேட்பார்கள். காரியாபட்டியிலிருந்து சந்தைக்கு வந்த, முன்பின் தெரியாத வெங்காய வியாபாரிகூடக் கேட்டிருக்கிறார். உடனே அப்பா என்னை முந்திக்கொண்டு, "நான்தான் அந்த அப்பா. நல்லாருக்கேன்" என்பார். மீசை முளைக்கிறவரை தினமும் இது நடந்தது. போகவர அந்தத் தலைவர் கதையை அவருக்குச் சொன்னேன். அவர் எனக்கு ராத்திரி லோடு அடித்த கதைகளைச் சொன்னார். பிறந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசியதில்லை. மீசை முளைத்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

எமனுக்கு ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகும் அப்பா ரொம்ப வருஷம் இருந்தார். அம்மாவும் அத்தையும் அவருக்கு முன்னால் போய்விட்டார்கள். அவர் போனது போன ஆடியில். ஒப்பாரி பாட ஆள் இல்லாமல், வாடகைக்கு எடுத்த மைக்செட் பெட்டி ஒன்று வாசலில் வைத்த இடத்தில் பாடிக்கொண்டிருந்தது. மில் மூடி வெகுகாலமாயிற்று. பொட்டல் பிளாட் ஆகிவிட்டது. அழகர்சாமி ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறான். போனில்தான் சொன்னேன். மீசையை எடுத்துட்டியாலே என்று மட்டும் கேட்டான். எடுத்துட்டேன்லே என்றேன்.

காரியம் முடிந்து, அப்பாவின் இறப்பைப் பதிகிற வேலையாக அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினேன். பாளையம்பட்டியில் அதே டவுன் பஸ். பஸ் முழுக்க வாலிபப் பிள்ளைகள், பாதிப் பேர் மீசையை அழகுக்காக எடுத்தவர்கள். வயசானவர்களும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வெறும் உதட்டை யாரும் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த ஆள், நேரம் என்ன என்று கேட்டார், சொன்னேன். அருப்புக்கோட்டை வந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும், யாராவது கேட்பார்கள் என்று, இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.